கருத்தடைக்குப் பின்னும் காலைத் தூக்கும் நாய்

லோத்குண்டா தெருவொன்றில், காது நுனியில் கருத்தடைக்கான வெட்டடையாளம் தாங்கிய ஆண் நாய் மின்கம்பத்தின் மீது காலைத் தூக்கினால், அறுவை சிகிச்சையே பொய்க்கணக்கு என்ற பேச்சு எழுந்துவிடுகிறது. இந்த ஐயத்திற்கான விடை உட்சுரப்பியலின் வரலாற்றில் உள்ளது.

1849இல் கோட்டிங்கன் நகரில் பெர்டோல்டு, சேவலின் விந்தகத்தை நரம்புத் தொடர்பின்றி வயிற்றறையில் பொருத்தினார். கொண்டை சுருங்கவில்லை, கூவலும் சண்டையும் தொடர்ந்தன. எனவே குருதியின் வழியாகவே விந்தகம் உடலை ஆள்கிறது என்றார் அவர். 1889இல் பாரிஸில் பிரௌன்-செக்கார் தமது 72ஆம் வயதில், நாயின் விந்தகச் சாற்றைத் தமக்கே ஊசியால் ஏற்றி, இளமை மீண்டதாக அறிவித்தார். நீரில் வடித்த அச்சாற்றில் ஹார்மோன் இருந்திருக்க வாய்ப்பு மிகக் குறைவு. ஆயினும் தேடலை முடுக்கிவிட்டது அந்த அறிவிப்புதான். காளை விந்தகத்திலிருந்து டெஸ்டோஸ்டிரோனை ஆம்ஸ்டர்டாமில் லக்கூரின் குழு பிரித்தெடுத்தது 1935இல்.

ஆண் நாய் பெரும்பாலும் 6 முதல் 12 மாதங்களுக்குள் பருவமடைகிறது. ஹைப்போதலாமஸ் விட்டுவிட்டு அனுப்பும் சமிக்ஞை பிட்யூட்டரியைத் தூண்ட, அது விந்தகத்தின் லீடிக் செல்களைச் சுரக்கச் செய்கிறது. ஆனால் ஆண்தன்மை அப்போதுதான் பிறக்கிறது என்று கொள்வது பிழை. ஹார்மோன் கருவிலேயே மூளையின் போக்கை வகுத்துவிடுகிறது என்பதை 1959இல் கினிப்பன்றி ஆய்வு காட்டியது. பெர்க்லியில் ஃபிராங்க் பீச் அக்கேள்வியை நாய்களிடம் கொண்டுசென்றார். காலைத் தூக்கும் வழக்கத்தின் அடித்தளமும் பிறப்பையொட்டியே அமைகிறது. பருவம் அதை வெளிக்கொணர்கிறது, அவ்வளவே.

ஆகவே, வளர்ந்த நாயின் விந்தகத்தை அகற்றினால் டெஸ்டோஸ்டிரோன் விரைவில் வீழும். பழக்கம் அவ்வாறு வீழ்வதில்லை. கலிபோர்னியாவில் 1976இல் வெளியான ஆய்வில், கருத்தடைக்குப் பின் ஊர்சுற்றல் மிகப் பெரும்பாலான நாய்களில் குறைந்தது. சிறுநீரால் எல்லை குறிப்பதோ ஏறத்தாழப் பாதியில்தான் குறைந்தது.

சென்னை மாநகராட்சி 1996இல் கொலையைக் கைவிட்டுக் கருத்தடைக்கு மாறியபோதும், 2001இலும் 2023இலும் நடுவணரசு விதிகள் வகுத்தபோதும், குறிக்கோள் எண்ணிக்கையும் வெறிநோயும்தான். நாயின் குணமாற்றம் பின்விளைவு மட்டுமே. எண்ணிக்கையைப் பொறுத்தவரை பெண் நாய்களே கணக்கில் முதன்மை பெறுகின்றன: கருத்தடையாகாத ஓரிரு ஆண்கள் எஞ்சினாலும் ஒரு பகுதியின் பெண் நாய்கள் எல்லாம் சினையாகிவிடும். காலைத் தூக்கும் நாயை எண்ணுவோர், அத்தெருவில் குட்டியீனும் நாய்களை எண்ணுவதில்லை.