கைபேசி இயங்குதளத்தில் செயலி அமைப்புகள்: சேமிப்பிடமும் அதிகாரமும்

செயலிகளின் அமைப்புகளை இயங்குதளமே ஒரே இடத்தில் திரட்டி வைக்க வேண்டுமா, அந்தந்தச் செயலியின் பொறுப்பில் விட வேண்டுமா என்ற கேள்வி ஐபோனுக்கும் ஆண்ட்ராய்டுக்கும் முந்தையது. இந்த விவாதத்தில் மூன்று வேறு வினாக்கள் ஒன்றோடொன்று கலந்து கிடக்கின்றன. மதிப்பு எந்தக் கோப்பில் எழுதப்படுகிறது, பயனர் அதை எந்தத் திரையில் பார்க்கிறார், அதை மாற்றும் கடைசி உரிமை யாருக்கு என்பவை அவை. பேச்சு பெரும்பாலும் முதல் இரண்டோடு நின்றுவிடுகிறது. மூன்றாவதுதான் அடிப்படை. கடந்த இருபது ஆண்டுகளில் இயங்குதளங்கள் மதிப்புகளை மையத்திலிருந்து வெளியே அனுப்பிக்கொண்டே, அதிகாரத்தை மையத்துக்குள் கொண்டுவந்திருக்கின்றன. அந்தப் போக்கு பெருமளவு சரியானதே என்பது இக்கட்டுரையின் வாதம்.

1996இல் வெளிவந்த பைலட் 1000 கைக்கணினியின் நினைவகம் 128 கிலோபைட். இரண்டு மூன்று தெரிவுகளை நினைவில் வைக்க ஒவ்வொரு செயலியும் தனித் தரவுத்தளம் திறப்பது அங்கே வீண்செலவு. அந்தக் கைக்கணினியை இயக்கிய பாம் இயங்குதளம், அடுத்தடுத்த பதிப்புகளில் எல்லாச் செயலிகளுக்கும் பொதுவாக இரண்டு தரவுத்தளங்களை வைத்தது. ஒன்றில் எழுதியது ஹாட்சிங்க் செய்யும்போது கணினிக்கு நகலாகும்; மற்றதில் எழுதியது ஆகாது. சிக்கனத்துக்கான ஏற்பாடுதான். ஆனாலும் மதிப்பைக் கொடுக்கும்போதே அது காக்கத்தக்கதா, இழந்தால் பரவாயில்லையா என்று செயலியைச் சொல்லவைத்ததில், எல்லா அமைப்பும் ஒரே தரத்தது அன்று என்ற தெளிவு இருந்தது.

மையச் சேமிப்பை முழுமையான கட்டமைப்பாகச் சிந்தித்தது சிம்பியன் இயங்குதளம். அதன் 'சென்ட்ரல் ரெப்பாசிட்டரி' இன்றைக்குப் பார்த்தாலும் பொறாமைப்படத்தக்க வடிவமைப்பு. ஒவ்வொரு செயலிக்கும் கூறுக்கும் தனிக் களஞ்சியம். அதை அடையாளம் காட்ட ஒரு 32 பிட் எண். உள்ளே ஒவ்வொரு மதிப்புக்கும் மற்றொரு 32 பிட் எண். கோப்புகள் சேவையகச் செயல்முறையின் தனி அடைவில் இருந்ததால் எந்தச் செயலியும் நேரடியாகத் தொட முடியாது. எந்த மதிப்பை யார் படிக்கலாம், யார் எழுதலாம் என்பதைச் சிம்பியன் ஒன்பதாம் பதிப்பின் பாதுகாப்புத் தகுதிகள் தீர்மானித்தன. ஒரு மதிப்பு மாறினால் அதற்குக் காத்திருக்கும் செயலிகளுக்குத் தகவல் போகும். பல மதிப்புகளை ஒரே பரிவர்த்தனையாக மாற்றவும் முடியும். தொடக்க மதிப்புகள் ரோம் (ROM) நினைவகத்தில் தனிக் கோப்புகளாக இருந்ததால், நிரலைத் தொடாமலே ஒரு சந்தைக்கு ஒருவிதம், மறுசந்தைக்கு வேறுவிதம் என்று கருவியை அனுப்ப உற்பத்தியாளரால் முடிந்தது. பழைய நிலைக்கு மீட்பதும் அதே கோப்புகளைக் கொண்டுதான்.

இத்தனையும் பொறியாளருக்கும் உற்பத்தியாளருக்கும் கிடைத்த வசதி. சிம்பியனில் இயங்கிய நோக்கியா எஸ்60 கைபேசியை வைத்திருந்தவர் இந்தக் களஞ்சியத்தைக் கண்ணால் கண்டதில்லை. பெரும்பாலான செயலிகளின் அமைப்புகளை அந்தந்தச் செயலியின் 'ஆப்ஷன்ஸ்' பட்டியலுக்குள் போய்த்தான் அவர் தேட வேண்டும். காரணம் எளிது. ஓர் எண்ணுக்குப் பக்கத்தில் மதிப்பின் வகையும் மதிப்பும் இருந்தனவே தவிர, அது என்ன, எந்த எல்லைக்குள் மாறலாம், பயனருக்கு எந்தச் சொல்லால் காட்டுவது என்பவை அங்கு இல்லை. அப்படிப்பட்ட களஞ்சியத்திலிருந்து மனிதர் படிக்கும் திரையை வரைய முடியாது. சேமிப்பை மையப்படுத்தினால் பயனரின் கட்டுப்பாடும் தானாக மையப்படும் என்று நினைப்பவர்களுக்குச் சிம்பியன் போதுமான மறுப்பு.

2008 ஜூலையில் ஆப் ஸ்டோரோடு வந்த ஐபோன் ஓஎஸ் 2.0 இதைத் தலைகீழாகச் செய்தது. செயலி தன்னோடு ஒரு 'செட்டிங்ஸ் பண்டில்' கொண்டுவரலாம். அதில் எந்த மதிப்புக்கு மாற்றுப்பொத்தான், எதற்கு நழுவுபட்டை, எதற்குத் தேர்வுப்பட்டியல், ஒவ்வொன்றுக்கும் என்ன பெயர் என்ற விவரணை இருக்கும். அதைப் படித்து இயங்குதளத்தின் அமைப்புகள் செயலி திரையை வரையும். மதிப்போ அந்தச் செயலியின் சாண்ட்பாக்ஸுக்குள், அதற்கே உரிய பிலிஸ்ட் கோப்பில் கிடக்கும். சிம்பியனிடம் விவரணை இல்லாத சேமிப்பு இருந்தது என்றால், ஆப்பிளிடம் சேமிப்பு இல்லாத விவரணை இருந்தது.

நடைமுறையில் இந்த ஏற்பாடு தடுமாறியது. அன்று பிற நிறுவனச் செயலிகளுக்குப் பல்பணி கிடையாது. ஒரே ஒரு தெரிவை மாற்றச் செயலியை விட்டு வெளியேறி, அமைப்புகளைத் திறந்து, நீண்ட பட்டியலின் அடிவரை இறங்கி, மாற்றிவிட்டுத் திரும்பி வந்து செயலியை மறுபடி தொடக்கத்திலிருந்து திறக்க வேண்டும். நிரலாளர்கள் தங்கள் வழியைப் பார்த்துக்கொண்டார்கள். அதே பண்டிலைப் படித்து அதே திரையைச் செயலிக்குள்ளேயே வரையும் 'இன்ஆப்செட்டிங்ஸ்கிட்' என்ற திறந்தமூல நூலகம் பரவியது. மையத்தில் காட்ட எழுதிய விவரணையைச் செயலிகள் உள்ளே இழுத்துக்கொண்டன.

இதைவிடப் பாடம் தருவது தொடக்க மதிப்புப் பிசகு. விவரணைக் கோப்பில் ஒரு பொத்தானின் இயல்புநிலை 'ஆன்' என்று எழுதியிருந்தால் அமைப்புகள் திரை அதை ஆன் என்றே காட்டும். ஆனால் பயனர் அந்தப் பொத்தானைத் தொட்டு மாற்றும்வரை பிலிஸ்ட் கோப்பில் எதுவும் எழுதப்படுவதில்லை. செயலி படித்துப் பார்த்தால் மதிப்பு இல்லை. இல்லாத இருநிலை மதிப்பை அது 'ஆஃப்' என்று கொள்ளும். திரை ஒன்று சொல்ல, செயலி வேறொன்று செய்யும். நிரலாளர் அதே இயல்புநிலையை நிரலில் இன்னொரு முறை பதிந்தால்தான் இரண்டும் ஒத்துப்போகும். சிறு வழு என்று இதைத் தள்ளிவிட முடியாது. காட்டுபவர் ஒருவர், வைத்திருப்பவர் இன்னொருவர் என்று பிரித்துவிட்டு, எவர் சொல் இறுதியானது என்று வரையறுக்காவிட்டால் இந்தப் பிளவு வந்தே தீரும்.

ஆண்ட்ராய்டு முதலிலிருந்தே இரண்டு வழிகளையும் திறந்து வைத்திருந்தது. செயலிக்கே உரிய மதிப்புகள் 'ஷேர்டு பிரிஃபரன்சஸ்' என்ற பெயரில் அதன் தனி அடைவில் எக்ஸ்எம்எல் கோப்புகளாக இருந்தன. பெயரில் பகிர்வு இருந்தாலும் இயல்புநிலையில் பிற செயலிகள் அதைப் பார்க்க முடியாது. கருவிக்குப் பொதுவான ஒளிர்வு, ஒலி போன்றவை இயங்குதளத்தின் மைய அட்டவணைகளில் இருந்தன. நிறுவும்போது ஒரே ஓர் அனுமதி வாங்கிய எந்தச் செயலியும் அந்த மைய அட்டவணையில் தன் சொந்த மதிப்பையும் எழுதிவைக்கலாம் என்பது பலர் கவனிக்காத ஓட்டை. அதைப் படிக்கவோ அனுமதியே தேவையில்லை. செயலியை நீக்கிய பிறகும் எழுதியது அங்கேயே இருக்கும். மீண்டும் நிறுவினால் பழைய பயனரை அடையாளம் காணலாம். ஒருவர் எழுதியதை வேறொருவர் படிக்கலாம். பொதுச் சேமிப்பிடம் பின்தொடரும் கருவியாக மாற இதற்குமேல் எதுவும் வேண்டியதில்லை.

2015இல் வந்த ஆண்ட்ராய்டு 6.0 இந்த வாயிலை அடைத்தது. அந்தப் பதிப்பை இலக்காகக் கொண்ட செயலிகள் மைய அட்டவணையில் சொந்தப் பெயர்களைச் சேர்க்க முயன்றால் பிழைதான் திரும்பி வரும். ஏற்கெனவே உள்ளவற்றை மாற்றவும் பயனர் தனித் திரையில் இசைய வேண்டும். எந்த மதிப்பை எந்தச் செயலி எழுதியது என்ற குறிப்பு சேர்ந்தது. ஒரு செயலி எழுதக்கூடியதற்கு 20,000 பைட் வரம்பும் வந்தது. 2017இல் ஆண்ட்ராய்டு 8.0, எல்லாச் செயலிக்கும் ஒன்றாக இருந்த கருவி அடையாள எண்ணைச் செயலியின் கையொப்பத்துக்கு ஏற்ப வெவ்வேறாக்கியது.

இதில் என் கவனத்தை ஈர்ப்பது, செயலிகளின் மதிப்புகளை மையத்திலிருந்து வெளியேற்றிய அதே 6.0தான், கேமரா, தொடர்புகள், இருப்பிடம் போன்ற அனுமதிகளைப் பயன்படுத்தும் நேரத்தில் கேட்டு, பின்னர் எப்போது வேண்டுமானாலும் திரும்பப்பெறக்கூடிய மையப் பதிவாக மாற்றியது என்பது. ஆப்பிள் 2012இல் ஐஓஎஸ் 6இன் தனியுரிமைப் பக்கத்தில் இதே திசையில் நடந்திருந்தது. இந்த இரண்டு நகர்வுகளையும் தனித்தனிச் செய்தியாகப் பார்த்தால் அவற்றின் பொருள் பிடிபடாது. சேர்த்துப் பார்த்தால் மையத்தின் வேலையே மாறிவிட்டது தெரிகிறது. செயலிகளுக்குப் பொதுக் கிடங்காக இருந்த இடம், செயலிக்கும் பயனருக்கும் இடையிலான ஒப்பந்தப் பதிவேடாகியது.

அந்தப் பதிவேட்டின் தெளிவான வடிவம் ஆண்ட்ராய்டு 8.0 கொண்டுவந்த அறிவிப்பு வகைகள். செயலி ஒரு வகையை உருவாக்கி, ஒலி எழுப்பலாமா, திரையில் எட்டிப் பார்க்கலாமா என்று தொடக்க நிலையை முன்மொழியலாம். பயனர் அதைக் குறைத்துவிட்டால் செயலி மறுபடி உயர்த்த முடியாது. வகையை அழித்துவிட்டு அதே அடையாளத்தில் மீண்டும் உருவாக்கினாலும் பயனரின் பழைய முடிவே உயிர்பெறும். புதிய அடையாளத்தில் உருவாக்கித் தப்பிக்கலாம்தான். ஆனால் எத்தனை வகைகள் அழிக்கப்பட்டன என்ற எண்ணிக்கை அமைப்புகள் திரையில் தெரியும். வடிவமைத்தவர்கள் செயலியின் குறும்பை முன்கூட்டியே எண்ணிப் பார்த்திருக்கிறார்கள்.

தமிழில் கைபேசி பயன்படுத்துவோருக்கு நேரடியாகப் பட்ட எடுத்துக்காட்டு, செயலிவாரி மொழி. ஐஓஎஸ் 13 (2019), ஆண்ட்ராய்டு 13 (2022) ஆகியவற்றுக்கு முன், கருவியை ஆங்கிலத்தில் வைத்துக்கொண்டு ஒரு செயலியை மட்டும் தமிழில் பார்க்க வேண்டுமானால், அந்தச் செயலியே அதற்கு வழி செய்திருக்க வேண்டும். இப்போது அத்தெரிவு இயங்குதளத்தில் இருக்கிறது. ஆண்ட்ராய்டில் செயலிக்குள் இருக்கும் மொழிப் பட்டியலும் அதே மைய மதிப்பையே மாற்றும்படி எழுதலாம். மதிப்பு ஒன்று, அதை அடையும் வாயில் இரண்டு. ஐபோனின் பழைய பிளவு இங்கே எழவே இடமில்லை. தமிழ்ச் சொற்களையே தராத செயலியை மையம் தமிழாக்கிவிடாது என்பது வேறு விஷயம்.

எல்லாம் ஒரே இடத்தில் இருந்தால் தேட எளிது, புதிய கருவிக்கு மாற்ற எளிது என்ற எதிர்வாதத்தில் பாதி உண்மை உண்டு. ஆனால் ஆண்ட்ராய்டின் தானியங்கிக் காப்புநகல் செயலியின் தனி அடைவிலிருந்தே 25 மெகாபைட் வரை எடுத்துச் செல்கிறது. ஐஓஎஸ் 18 எல்லாச் செயலிகளின் அமைப்புகளையும் ஒரே பக்கத்தில் அகரவரிசைப்படுத்தியது. அதற்காக எந்தக் கோப்பும் இடம் மாறவில்லை. இந்த வசதிகளுக்கு மையச் சேமிப்பு நிபந்தனை அன்று.

இரண்டாவது எதிர்வாதம் வலுவானது. பதிவேட்டை வைத்திருக்கும் நிறுவனமும் அதே சந்தையில் விற்பவர்தான். 2021இல் ஐஓஎஸ் 14.5 கட்டாயமாக்கிய பின்தொடர்தல் அனுமதியை நடைமுறைப்படுத்திய விதத்துக்காகப் பிரான்சின் போட்டி ஆணையம் 2025 மார்ச்சில் ஆப்பிளுக்கு 15 கோடி யூரோ அபராதம் விதித்தது. அனுமதியின் நோக்கத்தை ஆணையம் குறைசொல்லவில்லை. நிறைவேற்றிய முறை அந்த நோக்கத்துக்குத் தேவையானதாகவோ அளவானதாகவோ இல்லை என்றது. நானும் அந்த இடத்தில்தான் நிற்கிறேன். அதிகாரம் மையத்தில் இருக்கட்டும். அனுமதி கேட்கும் கேள்வியின் சொற்களும் இயல்புநிலையும் இயங்குதளத்தவரின் சொந்தச் செயலிகளுக்கும் ஒன்றாகவே இருக்க வேண்டும்.

அப்படியானால் எந்த மதிப்பு மையத்துக்கு உரியது? அதன் விளைவு செயலியின் திரைக்கு வெளியே, பயனரின் பணத்திலோ உறக்கத்திலோ தனிமையிலோ விழுமானால், கடைசி உரிமை அவர் சார்பில் இயங்குதளத்திடம் இருக்க வேண்டும் என்பது நான் முன்வைக்கும் அளவுகோல். எழுத்துருவின் அளவும் பட்டியலின் வரிசையும் செயலியோடு இருக்கட்டும். எல்லைக்கோட்டில் நிற்பது காணொலித் தரம். ஆண்ட்ராய்டு 7.0இன் டேட்டா சேவர் பின்னணித் தரவைத் தடுக்கிறது. முன்னால் திறந்திருக்கும் செயலியிடம் குறைத்துக்கொள் என்று சைகை மட்டுமே காட்டுகிறது. ஐஓஎஸ் 13இன் குறைந்த தரவு முறையிலும் திறந்திருக்கும் செயலிக்குக் கிடைப்பது பெரும்பாலும் குறிப்புத்தான். தரவுக்குக் காசு கொடுப்பவர் பயனர். எனவே செயலிவாரித் தரவு உச்சவரம்பு, அறிவிப்பு வகைகளைப் போலவே, செயலி உயர்த்த முடியாத மதிப்பாக இயங்குதளத்தில் பதிவாக வேண்டும். அந்த வரம்புக்குள் 480பி காட்டுவதா 720பி காட்டுவதா என்பதைச் செயலி தன் கோப்பிலேயே எழுதிக்கொள்ளலாம்.