பற்றாக்குறையின் இலக்கணம்: சிம்பியனின் எழுச்சியும் ஒடுக்கமும்

கைபேசியின் வரலாற்றை எழுதுவோர் பெரும்பாலும் கருவிகளின் வரலாற்றையே எழுதுகின்றனர். திரை எத்தனை அங்குலம், கேமரா எத்தனை மெகாபிக்சல் என்ற கணக்கோடு அது முடிந்துவிடுகிறது. கருவிக்குள் இருந்து அதனை நடத்தும் இயங்குதளத்திற்கும் பிறப்பு, வளர்ச்சி, ஒடுக்கம் உண்டு என்பதை நாம் எண்ணிப் பார்ப்பதில்லை. ஒருகாலத்தில் உலகில் விற்ற ஸ்மார்ட்போன்களில் பாதிக்கு மேற்பட்டவற்றை இயக்கிய சிம்பியனின் கதை இதற்குத் தக்க சான்று.

சிம்பியனின் வேர் கைபேசியில் இல்லை. டேவிட் பாட்டர் 1980இல் இலண்டனில் தொடங்கிய சையான் நிறுவனம் கையடக்கக் கணினிகளைச் செய்துவந்தது. 1997இல் வெளிவந்த அதன் ‘சீரிஸ் 5’ கருவிக்காக எழுதப்பட்டதே ஈபாக் என்னும் 32-பிட் இயங்குதளம். அக்கருவியின் நினைவகம் 4 அல்லது 8 மெகாபைட். ஆற்றல் தந்தவை இரண்டு பென்சில் பேட்டரிகள். மேசைக் கணினியைப் போல நாள்தோறும் அணைத்து மீண்டும் தொடங்கும் வழக்கமும் அதற்கில்லை. ஒரு நிரல் தான் வாங்கிய நினைவிடத்தைத் திருப்பித் தர மறந்தால், அச்சிறு கசிவுகள் நாளடைவில் சேர்ந்து கருவியையே முடக்கிவிடும்.

ஆகவே அதனை இயற்றியோர் கடுமையான ஒழுங்குகளை வகுத்தனர். நிரல் உருவாக்கும் தற்காலிகப் பொருள்களை ‘கிளீனப் ஸ்டாக்’ என்னும் அடுக்கில் பதிந்து வைக்க வேண்டும். பாதியில் தவறு நேர்ந்தால் அடுக்கில் உள்ளவை யாவும் விடுவிக்கப்படும். எழுத்துச் சரங்களைக் கையாளும் ‘டிஸ்கிரிப்டர்’ ஒவ்வொன்றும் தன் நீளத்தையும் எல்லையையும் தானே அறிந்திருக்கும். செய்வதற்கு வேலை இல்லாதபோது செயலகம் உறங்கிவிடும். ஓலை கிழியுமென்று புள்ளியின்றி எழுதிய நம் சுவடி மரபைப் போலவே, இங்கும் எழுதுபொருளின் வறுமை எழுத்தின் முறையை வகுத்தது.

1998 ஜூனில் சையானும் நோக்கியா, எரிக்சன், மோட்டோரோலா ஆகியவையும் கூடிச் சிம்பியன் நிறுவனத்தை அமைத்தன. 2000இல் எரிக்சன் ஆர்380, 2002இல் நோக்கியா 7650 என அதன் கைபேசிகள் வந்தன. ஆயின் தம்முள் போட்டியிட்ட பங்காளிகள் ஒரே முகப்பை ஏற்கவில்லை. நோக்கியாவுக்கு எஸ்60, சோனி எரிக்சனுக்கு யூஐகியூ, ஜப்பானின் டோகோமோவுக்கு மோப் என முகப்புகள் பிரிந்தன. ஒன்றிற்கு எழுதிய செயலி மற்றொன்றில் அப்படியே ஓடாது. பாதுகாப்பை இறுக்கிய ஒன்பதாம் பதிப்பில், எஸ்60க்கென முன்பு எழுதிய செயலிகளும் மாற்றமின்றி ஓடவில்லை.

இதற்கிடையே நினைவகம் மலிந்தது. 2007இல் ஐபோனும் 2008இல் ஆண்ட்ராய்டும் வந்தபோது, நிரலாளர்கள் எளிய வழிகளை நாடினர். முன்பு கருவியைக் காத்த ஒழுங்குகளே இப்போது கற்பதற்குச் சுமையாயின. பொத்தான்களுக்காக வடிக்கப்பட்ட எஸ்60, 2008இன் நோக்கியா 5800இல் தொடுதிரைக்கு மாறியது; பழக்கமோ மாறவில்லை. பட்டியலில் ஒன்றைத் தேர்ந்தெடுக்க ஒரு தொடுகை, திறக்க மறு தொடுகை எனப் பல இடங்களில் இருமுறை தொடவேண்டியிருந்தது. பொத்தானை நகர்த்தி அழுத்திய காலத்தின் எச்சம் அது.

2008இல் நோக்கியா சிம்பியனை முழுமையாக வாங்கியது. 2010 பிப்ரவரியில் மூலநிரல் பொதுவில் திறக்கப்பட்டது. அதே ஆண்டு டிசம்பரில் சிம்பியன் அறக்கட்டளையின் இணையதளங்கள் மூடப்பட்டன. 2011 பிப்ரவரியில் நோக்கியா விண்டோஸ் ஃபோனுக்கு மாறுவதாக அறிவித்தது. 2012இன் 808 பியூர்வியூவே அதன் கடைசிச் சிம்பியன் கைபேசி.

தளங்கள் மூடப்படுமுன் ஆர்வலர் சிலர் அம்மூலநிரலைப் படியெடுத்து வைத்தனர். அதனைத் தோல்வியின் ஆவணமாக மட்டும் நாம் படிக்கலாகாது. எட்டு மெகாபைட்டுக்குள் ஓர் உலகை அமைத்தவர்களின் சிக்கனம் அதில் வரிவரியாக இருக்கிறது. சிம்பியனை வீழ்த்தியது அச்சிக்கனம் அன்று. அதற்குக் காரணமான வறுமை நீங்கிய பின்னும் விதிகளைத் தளர்த்தத் தாமதித்ததே என்பது நம் கருத்து.