குடிசன மதிப்பு அறிக்கையும் ஒரு மாணவனின் கேள்வியும்

இலக்கியத் தொடரில் புள்ளிவிபரத்துக்கு என்ன வேலை என்று நேயர்கள் சிலர் நினைக்கக்கூடும். மலையக நாவல்களையும் சிறுகதைகளையும் விரும்பிப் படிக்கும் நம்மில் எத்தனை பேர், அக்கதைகளில் வரும் மக்களைப் பற்றிய குடிசன மதிப்பு அறிக்கைகளை ஒருமுறையேனும் புரட்டிப் பார்த்திருக்கிறோம்?

எண்பதுகளின் நடுப்பகுதியில் மலையகப் பாடசாலை ஒன்றில் நான் வரலாறு படிப்பித்துக்கொண்டிருந்தேன். ஒருநாள் கரும்பலகையில் இரண்டு எண்களை எழுதினேன். 'இந்தியத் தமிழர்', 1971ஆம் ஆண்டில் 11 இலட்சத்து 74 ஆயிரம். 1981ஆம் ஆண்டில் 8 இலட்சத்து 18 ஆயிரம். பின்வாங்கில் இருந்த மாணவன் ஒருவன் எழுந்து, "மிச்ச ஆளுங்க எல்லாம் எங்க சேர் போனாங்க?" என்று கேட்டான். பாடப் புத்தகத்தில் அதற்கு விடை இல்லை. அறிக்கைகளைத் தேடி நான் கொழும்புக்குப் போனது அந்தக் கேள்வியால்தான்.

இலங்கையின் முதலாவது நவீன குடிசன மதிப்பு 1871இல் எடுக்கப்பட்டது. அன்று தீவின் சனத்தொகை 24 இலட்சம். அதன்பின் பத்தாண்டுகளுக்கு ஒருமுறை எடுப்பது வழக்கமாயிற்று. அவற்றுள் 1901ஆம் ஆண்டு அறிக்கையை இலக்கிய நெஞ்சம் படைத்தோர் அவசியம் பார்க்க வேண்டும். அதனைத் தயாரித்தவர் பொன்னம்பலம் அருணாசலம். பிற்காலத்தில் இலங்கைத் தேசிய காங்கிரசின் முதல் தலைவரான அதே அருணாசலந்தான். எண்களை அடுக்கியதோடு நிறுத்தாமல், இத்தீவின் இனங்கள், சமயங்கள், மொழிகள், தொழில்கள் பற்றி விரிவாக எழுதினார். அரசாங்க அறிக்கை ஒன்றை உட்கார்ந்து வாசிக்க முடியும் என்பதை அதைப் பார்த்த பிறகே நான் நம்பினேன். தென்னாபிரிக்கப் போரில் பிடிபட்டுத் தியத்தலாவை முகாமில் அடைபட்டிருந்த போயர் கைதிகள் ஏறக்குறைய ஐயாயிரம் பேரையும் அக்கணக்கெடுப்புத் தனியே எண்ணி வைத்திருக்கிறது!

ஆனால் என் மாணவனின் கேள்விக்கு அருணாசலத்தின் அட்டவணை உதவவில்லை. அதில் தமிழர் என்றால் எல்லோருந்தான். 9 இலட்சத்து 51 ஆயிரம் பேர். யாழ்ப்பாணத்து விவசாயியும் ஹற்றனில் கொழுந்து பறிக்கும் பெண்ணும் ஒரே நிரலில் நிற்கிறார்கள். 1911ஆம் ஆண்டு அறிக்கையில்தான் அந்த நிரல் இரண்டாகப் பிரிந்தது. இலங்கைத் தமிழர் சுமார் 5 இலட்சத்து 28 ஆயிரம், இந்தியத் தமிழர் சுமார் 5 இலட்சத்து 31 ஆயிரம். அட்டவணையில் ஒரு கோடு விழுந்ததும், பத்தாண்டுக்கு முன் இல்லாத இரண்டு தொகைகள் தோன்றிவிட்டன. ஆகவே 1901ஐயும் 1911ஐயும் பக்கத்துப் பக்கத்தில் வைத்து ஒப்பிட முற்படும் ஆராய்ச்சி மாணவர், முதலில் நிரலின் தலைப்பைப் பார்க்க வேண்டும், எண் பிறகு.

அந்தக் கோட்டின் அரசியல் விளைவு பின்னாளில் வந்தது. 1948ஆம் ஆண்டுப் பிரசாவுரிமைச் சட்டம் தோட்டத் தொழிலாளரில் மிகப் பெரும்பாலோரை நாடற்றவராக்கிற்று. 1964இல் சிறிமா - சாஸ்திரி ஒப்பந்தம் கைச்சாத்தாகி, 5 இலட்சத்து 25 ஆயிரம் பேரை இந்தியாவும் 3 இலட்சம் பேரை இலங்கையும் ஏற்பதென முடிவாயிற்று. எஞ்சிய ஒன்றரை இலட்சம் பேரை 1974இல் இரு நாடுகளும் பாதி பாதியாகப் பங்கிட்டுக்கொண்டன. தலைமன்னாரில் கப்பலேறிய குடும்பங்கள் பல. 1971க்கும் 1981க்கும் இடையில் மறைந்த மூன்றரை இலட்சத்தில் பெரும்பகுதிக்கு அதுவே விடை.

முழு விடை அதுவல்ல என்பதைப் பக்கத்து நிரல் காட்டுகிறது. அதே பத்தாண்டில் இலங்கைத் தமிழர் தொகை 14 இலட்சத்து 24 ஆயிரத்திலிருந்து 18 இலட்சத்து 87 ஆயிரத்துக்கு, அதாவது நூற்றுக்கு 30க்கு மேல், கூடியிருக்கிறது. முழு நாட்டின் சனத்தொகையோ நூற்றுக்கு 17 அளவில்தான் பெருகியது. கூடியதில் ஒரு பங்கு நுவரெலியா, பதுளை போன்ற மலையக மாவட்டங்களிலேயே நேர்ந்தது. அங்கே அவர்கள் புதிதாகக் குடியேறியவர்களல்லர். பிரசாவுரிமை பெற்றவர்களிற் பலர், கணக்கெடுக்க வந்தவரிடம் தம்மை 'இலங்கைத் தமிழர்' என்று சொல்லியிருக்கிறார்கள். ஆள் லயத்திலேயே இருக்க, எண் மட்டும் நிரல் மாறிவிட்டது.

வேடர் தொகையிலும் இதைக் காணலாம். 1911இல் 5300ஐத் தாண்டியிருந்தது, 1946இல் 2300 அளவாகி, 1963இல் வெறும் 400க்கு வந்துவிட்டது. அத்தனை பேரும் இறந்துவிடவில்லை. கிழக்கில் தமிழரென்றும் ஏனைய இடங்களில் சிங்களவரென்றும் பதிவாயினர்.

1981க்குப் பிறகு போரினால் 1991இல் கணக்கெடுப்பே நடைபெறவில்லை. 2001இல் 18 மாவட்டங்களில் மட்டுமே முழுமையாக நடந்தது. வடக்கு மாவட்டங்கள் ஐந்தும், மட்டக்களப்பும் திருகோணமலையும் விடுபட்டன. 1993ஆம் ஆண்டின் மக்கள்தொகை, சுகாதார அளவீட்டிலும் வடக்கும் கிழக்கும் இல்லை. அக்கால அட்டவணைகளில் 'இலங்கை' என்று போட்டிருப்பதை அப்படியே எடுத்துக் கட்டுரை எழுதியவர்கள் உண்டு. நானும் எழுதியிருக்கிறேன், அடிக்குறிப்பைப் பாராமல். முழுத் தீவையும் உள்ளடக்கிய அடுத்த கணக்கெடுப்பு 2012இல்தான் வந்தது. 2024இல் எடுக்கப்பட்டதில் 'மலையகத் தமிழர்' என்ற பெயரும் சேர்ந்துகொண்டது.

இவற்றைப் பார்ப்பது பெரிய காரியமல்ல. பழைய அறிக்கைகளைக் கொழும்பு தேசிய சுவடிகள் கூடத்தில் வாசிக்கலாம். தொகைமதிப்புத் திணைக்களத்தின் இணையத்தளத்தில் 2012ஆம் ஆண்டு அட்டவணைகள் கிராம சேவகர் பிரிவு வரை கிடைக்கின்றன. பெயர் விலாசம் நீக்கிய தனியாள் தரவுகளை ஆய்வாளர்கள் திணைக்களத்துக்கு விண்ணப்பித்துப் பெறவும் வழியுண்டு. பாட்டனாரின் பெயரைத் தேடிப் போகிறவர்களுக்கு மட்டும் ஏமாற்றந்தான், வெளியிடப்படுபவை தொகைகளே.

கொழும்பிலிருந்து திரும்பியதும் வகுப்பில் இவ்வளவையும் சொல்லி, '1981இல் உங்கள் வீட்டில் என்ன பதிந்தார்கள் என்று கேட்டு வாருங்கள்' என்றேன். கேள்வி கேட்ட மாணவன் அடுத்த நாள் விடையோடு வந்தான். அவனுடைய அப்பா இலங்கைத் தமிழராம், அப்பாயி இந்தியத் தமிழராம். இருவரும் இருந்தது ஒரே லயக் காம்பராவில்.