கடல் கடக்க வேண்டியது கந்தலா, பொம்மையா?

பணக்கார நாடுகளில் நல்லெண்ணம் கொண்ட பலர் பழைய துணி, வாழ்த்து அட்டை, பொத்தான், உடைந்த நகை போன்றவற்றை வீடு வீடாகத் திரட்டி, தொலைதூர நாட்டுக் கைவினைஞர்களுக்கு மூலப்பொருளாக அனுப்புவதைத் தொண்டாகச் செய்கிறார்கள். குப்பை குறைகிறது, ஏழைக்கு வேலை கிடைக்கிறது என்பது அவர்கள் கணக்கு. எண்ணத்தில் குறையில்லை. ஆனால் இந்தக் கணக்கு எந்த இடத்தில் இடிக்கிறது என்பதை விழுப்புரம், திண்டிவனம் வட்டாரத்தின் கடந்த அறுபது, எழுபது ஆண்டு வரலாறு நன்றாகவே காட்டுகிறது. கழிவைக் கொண்டு பிழைக்கும் கைத்தொழிலுக்கு மூலப்பொருள் கூப்பிடு தூரத்தில் கிடைக்க வேண்டும். தொலைவிலிருந்து வர வேண்டியவர் வாங்குபவர்தான். இரண்டையும் இடம் மாற்றிப் போட்டால் தொழில் நிலைக்காது.

முதல் சான்று, யாரும் மறுசுழற்சி என்று பெயர் வைக்காத ஒரு தொழில். விழுப்புரத்தை அடுத்த அய்யங்கோவில்பட்டில் விநாயகர் சிலைகளும் பொம்மைகளும் செய்பவர்கள் பழைய பேப்பரை எடைக்கு வாங்கி, ஊறவைத்து, அரைத்துக் கூழாக்கி, கிழங்கு மாவு சேர்த்துப் பிசைந்து அச்சில் அடிக்கிறார்கள். காகிதம் ஊர்ப் பழைய பேப்பர் கடையில் கிடைக்கிறது. கிழங்குக்கு மேற்கே கள்ளக்குறிச்சிப் பக்கத்து மரவள்ளிக் கொல்லைகள் இருக்கின்றன. சந்தைதான் வெளியே. சிலைகள் லாரி ஏறிப் பெரிய ஊர்களுக்குப் போகின்றன. நீர்நிலைகளில் கரைக்கும் சிலைகளுக்குப் பிளாஸ்டர் ஆஃப் பாரிஸ் கூடாது என்று மத்திய மாசுக் கட்டுப்பாட்டு வாரியம் 2010இலும், திருத்திய வடிவில் 2020இலும் நெறிமுறை வெளியிட்டது காகிதக்கூழுக்குச் சாதகமாக அமைந்தது. ஒரு தொழிலை எந்தக் கை தூக்கிவிட்டது என்று பார்த்தால், விதியும் பண்டிகையும்தான். இரக்கத்துக்கு அதில் பங்கே இல்லை.

இரண்டாவது சான்று மாவட்ட எல்லையைத் தாண்டிப் புதுச்சேரியில் இருக்கிறது. அரவிந்தர் ஆசிரமத்தின் கைக்காகித ஆலை 1959இல் தொடங்கியது. மரக்கூழ் இல்லை, பனியன் தைக்கும் இடங்களில் விழும் பருத்தி வெட்டுத்துண்டுதான் மூலப்பொருள், திருப்பூர்க்காரர்கள் பனியன் வேஸ்ட் என்று சொல்வார்களே, அது. இந்த வேலையில் காகிதம் வார்க்கும் கையைத்தான் எல்லோரும் படம் எடுக்கிறார்கள். ஆனால் தாளின் தரம் அதற்கு வெகு முன்பே, துணியைத் தரம் பிரிக்கும் இடத்தில் முடிவாகிவிடுகிறது. நைலான் கலந்த துண்டு ஒன்று தப்பினால் கூழில் கரையாது. பொத்தானோ கொக்கியோ தப்பினால் இயந்திரம் பழுதாகும். வெட்டுத்துண்டில் பொத்தானும் இல்லை, அழுக்கும் இல்லை, ஒரே வகைத் துணி மூட்டையாக வருகிறது. உடுத்திக் கழித்த துணியில் இவை எல்லாமே தலைகீழ். தொண்டர் திரட்டும் பெட்டி பெரும்பாலும் இந்த இரண்டாம் வகைதான். அதைப் பிரிக்கிற செலவு பெறுபவர் தலையில் விழுகிறது.

கைக்காகிதத்துக்குப் பின்னால் தஞ்சாவூரில் பிறந்த ஒருவரின் சிந்தனை நிற்கிறது. 1934இல் அகில இந்தியக் கிராமக் கைத்தொழில் சங்கம் வார்தாவில் தொடங்கப்பட்டபோது ஜே.சி. குமரப்பா அதை நடத்தும் பொறுப்பேற்றார். கைக்காகிதம் அவர்கள் உயிர்ப்பிக்க முயன்ற தொழில்களில் ஒன்று. மூலப்பொருளும் உழைப்பும் நுகர்வும் ஒரே வட்டாரத்துக்குள் சுழல வேண்டும் என்பது அவர் நிலை. அவர் இருந்திருந்தால், வாங்குபவர் மட்டும் தொலைவில் இருக்கலாம் என்ற என் வாதத்தையே ஏற்றிருக்கமாட்டார். அந்த மறுப்பில் நியாயம் உண்டு: வெளிநாட்டுச் சந்தை ஒரு பருவத்தில் அள்ளும், மறுபருவத்தில் கைவிடும். ஆனாலும் காகிதக் கூடையோ கைக்காகித நோட்டோ அரிசி போல அன்றாடம் விற்கிற சரக்கு அல்ல. அவற்றுக்கு உள்ளூரில் மட்டும் ஆள் தேடினால் செய்பவருக்குக் கூலி கட்டாது.

2004 டிசம்பர் 26 ஆழிப்பேரலைக்குப் பின், மூலப்பொருள் எங்கிருந்து, வாங்குபவர் எங்கிருந்து என்ற கேள்வி கரையோரத்தில் கூர்மையாக எழுந்தது. மரக்காணம் முதல் பொம்மையார்பாளையம் வரையிலான மீனவக் குப்பங்களில் படகும் வலையும் போயின. மீன் விற்ற பெண்களுக்குக் கடலும் பயம், வேலையும் இல்லை. ஆரோவில்லில் உபாசனா என்ற ஆடை வடிவமைப்புக் கூடத்தை நடத்திவந்த உமா பிரஜாபதி, அந்தப் பெண்களுக்குக் கூடத்தில் மிஞ்சிய துணித்துண்டுகளைக் கொண்டு விரல் நீளப் பொம்மை செய்யக் கற்றுக்கொடுத்தார். சுனாமிகா என்று பெயர் பெற்ற அந்தப் பொம்மைக்கு விலையில்லை. பரிசாகக் கொடுப்பார்கள், பெறுபவர் விரும்பினால் நன்கொடை தருவார். செய்த பெண்களுக்குக் கூலி உண்டு. பல லட்சம் பொம்மைகள் கடல் கடந்தன. அதே நிவாரணக் காலத்தில் கிளைத்த வெல்பேப்பர் என்ற அமைப்பு, சுற்றுக் கிராமப் பெண்களுக்குப் பழைய செய்தித்தாளைச் சுருட்டி, ஒட்டி, கூடையும் கிண்ணமும் நகையும் செய்யப் பயிற்சி அளித்தது. இரண்டிலும் வெளிநாட்டவர் பங்கு கணிசமானது. ஆனால் துணி பக்கத்து மேசையிலிருந்து வந்தது, தாள் அக்கம்பக்கத்திலிருந்து வந்தது. வெளியிலிருந்து வந்தவை பணமும் வடிவமைப்பும் வாங்கும் கையும்.

விலையில்லாப் பொம்மை தொழிலாகுமா, அது அனுதாபத்தில் ஓடும் வண்டிதானே என்று கேட்கலாம். ஓரளவு உண்மை. பேரிடர் நினைவு மங்க மங்க நன்கொடை குறையும். கூடை வாங்குபவர் கூடைக்காக வாங்குகிறார், பொம்மை பெறுபவர் கதைக்காகத் தருகிறார். இரண்டில் நீடிக்கக்கூடியது கூடைதான் என்பது என் கருத்து. எனினும் வேலை அறவே நின்ற மாதங்களில் கூலி தந்தது பொம்மை. அவசர காலத்து ஏற்பாட்டை நூறாண்டுத் தொழிலின் அளவுகோலால் அளப்பது சரியல்ல.

வலுவான எதிர்வாதம் ஹெய்ட்டியிலிருந்து வருகிறது. அங்கே குவா-தெ-புக்கே ஊரின் கொல்லர் ஜார்ஜ் லியோத்தோ 1950களில் உலகின் கவனத்துக்கு வந்த பின், எண்ணெய்ப் பீப்பாய்த் தகரத்தை வெட்டித் தட்டிச் சிற்பம் செய்வது ஊர்த் தொழிலாகவே வளர்ந்தது. பீப்பாய்கள் வெளிநாட்டிலிருந்து வந்தவைதானே? ஆம், ஆனால் யாரும் சிற்பிக்காக அனுப்பவில்லை. எண்ணெய்க்காக வந்து, காலியாகி, துறைமுகத்தில் கிடந்தவை. வணிகம் கொண்டுவந்து போட்ட கழிவு ஓயாமல் வரும். தொண்டர் கொண்டுவருவது தொண்டரின் உற்சாகம் உள்ளவரை வரும். இந்தியாவில் இதற்குச் சட்டத் தடையும் சேர்கிறது: உடுத்தக்கூடிய பழைய உடையை இறக்குமதி செய்ய உரிமம் தேவை. கிழித்துப் பயனற்றதாக்கிய கந்தல்தான் எளிதில் உள்ளே வரும். அது காண்ட்லா வழியாகப் பானிபட்டு ஆலைகளுக்குப் போய் நூலாகிறது, கைவினைஞரிடம் வருவதில்லை.

அப்படியானால் திரட்டும் தொண்டருக்கு வேலையே இல்லையா? உண்டு, அவரவர் ஊரில். பழைய பேப்பர்காரர் தெருத்தெருவாகக் கூவி வாங்கும் ஊரில் இந்தச் சேகரிப்பு ஒரு பிழைப்பாகவே இருக்கிறது. அவருக்குப் போட்டியாக இலவசமாகத் திரட்டுவது அவர் வயிற்றில் அடிப்பதாகும். அவர் தொடாத கழிவில்தான் தொண்டருக்கு இடம்: தையற்கடைத் துண்டு, அச்சகத்தில் விழும் வெட்டுத்தாள், எடைக்குப் போகாத பல்லடுக்குப் பொட்டலம். பழைய பேப்பரிலும் இப்போது சிக்கல் வந்துவிட்டது. கைப்பேசியில் செய்தி படிக்கும் வீடுகள் கூடக் கூட எடைக்குப் போடத் தாள் குறைகிறது. அய்யங்கோவில்பட்டுக் கூழுக்கும் ஆரோவில் கூடைக்கும் மூலப்பொருள் ஒன்றே என்பதால் இரண்டு தரப்பும் ஒரே மூட்டைக்கு விலை கேட்க வேண்டிவரும். கூடை செய்பவர் அந்த விலையை வெளிநாட்டு வாங்குபவரிடம் ஏற்றிச் சொல்லலாம். விநாயகர் செய்பவரால் அது முடியாது, பேரம் பேசாமல் சிலை வாங்கும் வழக்கம் நம்மிடம் இல்லை.