இரண்டே முக்கால் ஏக்கர் போர்வை பிறந்த கதை

2016 ஜனவரி 31 அன்று சென்னையில் ஒரு போர்வையை விரித்து அளந்தார்கள். 11,148.5 சதுர மீட்டர். எங்கள் கணியூரில் வயலைச் சொல்வதுபோலச் சொன்னால் இரண்டே முக்கால் ஏக்கர். அன்றைக்கு உலகிலேயே பெரிய குரோஷா போர்வை என்று கின்னஸ் அதைப் பதிவு செய்தது. கொக்கி ஊசியால் முழுக்க முழுக்கக் கைப்பின்னல்.

கணியூர் அமராவதிப் பாசனத்து ஊர். ஆனால் எங்கள் திருப்பூர் மாவட்டத்துக்கே பிழைப்பு பின்னலில்தான். 1925இல் குலாம் காதர் கையால் சுற்றும் மெஷின்களோடு திருப்பூரில் பனியன் பின்ன ஆரம்பித்தார். இன்றைக்கு 30 இஞ்ச் டயா, 24 கேஜ் மெஷின் ஒன்றில் ஏறக்குறைய 2,260 ஊசிகள் ஒரே சமயத்தில் கண்ணி போடுகின்றன. இத்தனை மெஷின் ஓடும் வட்டாரத்தில் குரோஷா பின்னலுக்கு மட்டும் மெஷின் கிடையாது. எலாஸ்டிக் நாடா செய்யும் இடங்களில் 'குரோஷே மெஷின்' என்று ஒன்று ஓடும். பெயர்தான் அது, அது பின்னும் விதம் வேறு. உண்மையான குரோஷாவை இன்றும் கைதான் பின்ன வேண்டும்.

காரணம் எளிது. பனியன் துணியில் ஒரு வரிசைக் கண்ணிகள் எல்லாம் ஊசிகளில் திறந்தே நிற்கும். ஒரு கண்ணி விட்டால் கீழ்வரைக்கும் ஓடிவிடும். குரோஷாவில் கொக்கி ஊசியில் பெரும்பாலும் ஒரே ஒரு கண்ணிதான் திறந்திருக்கும். முந்தியதை மூடிவிட்டுத்தான் அடுத்தது. அதற்காகக் கொக்கி முன்னால் பின்னிய இடத்துக்குள் எந்தப் பக்கமிருந்தும் நுழைந்து திரும்ப வேண்டும். அந்தத் திருப்பம் தொழிற்சாலை மெஷின்களுக்கு இன்னும் கைவரவில்லை. பின்னுகிறவருக்கு இதில் ஒரு பெரிய வசதி உண்டு. பால் பொங்கினாலும் பிள்ளை அழுதாலும் அப்படியே வைத்துவிட்டு எழுந்து போகலாம். திரும்பி வந்தால் வேலை விட்ட இடத்திலேயே இருக்கும்.

இந்த ஊசி முதலில் பலருக்குச் சோறு போட்டது. 1840களில் அயர்லாந்தில் உருளைக்கிழங்குப் பயிர் அழுகிப் பஞ்சம் வந்தபோது கன்னிகாஸ்திரீகள் பெண்களுக்குக் குரோஷா லேஸ் சொல்லிக்கொடுத்தார்கள். அதை விற்ற காசில் குடும்பங்கள் உயிர் பிழைத்தன. சிலர் அமெரிக்காவுக்குக் கப்பலேறினார்கள். அதே நூற்றாண்டில் மிஷனரிகள் வழியாக அது கோதாவரிக் கரைக்கு வந்து நரசாபுரத்தில் நிலைத்தது. அங்கே நடந்ததை மரியா மீஸ் என்ற ஜெர்மானிய ஆய்வாளர் 1982இல் புத்தகமாக எழுதினார். பெண்கள் வீட்டு வேலை போக நாளுக்கு ஆறேழு மணி நேரம் லேஸ் பின்னினார்கள். வியாபாரிகள் கொடுத்ததோ மிகச் சொற்பக் கூலி. கேட்டால், வீட்டில் சும்மா இருக்கும் பெண்கள் பொழுதுபோக்காகச் செய்கிறார்கள் என்றார்கள். அந்தப் பதிலை நினைத்தால் எனக்கு இன்றும் கோபம் வருகிறது. பீஸ் ரேட்டும் ஒன்றரை ஷிப்ட்டும் அறிந்த எங்கள் பெண்களுக்கு அது புரியாத கதை இல்லை.

தமிழ் வீடுகளில் குரோஷா வேறு வழியாக வளர்ந்தது. உல்லன் நூலில் வாசல் தோரணம், டிவிக்கு மூடி, பிறக்கப்போகும் பேரக்குழந்தைக்குத் தொப்பி. அம்மாவிடமிருந்தும் பக்கத்து வீட்டு அக்காவிடமிருந்தும் கற்றுக்கொண்டது. யாரும் கூலி கேட்கவில்லை, யாரும் எண்ணிப் பார்க்கவும் இல்லை. அந்தக் கைகளைத்தான் சென்னைப் போர்வை ஒன்றுசேர்த்தது.

அதற்கான பொறி தென்னாப்பிரிக்காவிலிருந்து வந்தது. 2013 டிசம்பரில் நெல்சன் மண்டேலா மறைந்தார். நெடுங்காலம் அவருடைய உதவியாளராக இருந்த செல்டா லா கிரேன்ஜ், அந்த மாதமே தன் தோழி கரோலின் ஸ்டெயினிடம் ஒரு சவால் விட்டார். அடுத்த ஜூலை 18, மண்டேலா பிறந்தநாளுக்குள் 67 போர்வைகள் பின்னி ஏழைகளுக்குக் கொடுக்க முடியுமா? 67 என்பது மண்டேலா பொதுவாழ்வில் உழைத்த ஆண்டுகளின் கணக்கு. ஒருத்தியால் ஆகாது என்று கண்ட கரோலின் ஊரைக் கூப்பிட்டார். வந்தவர்கள் ஆயிரக்கணக்கில் பெருகினார்கள். 2015 ஏப்ரலில் பிரிட்டோரியா அரசு மாளிகைப் புல்வெளியில், மண்டேலா சிலைக்கு முன்னால், அவர்கள் பின்னியதை இணைத்து விரித்தபோது அது உலக சாதனையாயிற்று.

சென்னையில் சுபஸ்ரீ நடராஜன் அதைவிடப் பெரிதாக ஒன்று செய்ய நினைத்தார். 'மதர் இந்தியாஸ் குரோஷே குயீன்ஸ்' என்ற குழுவைத் தொடங்கினார். ஆயிரத்துக்கும் மேற்பட்ட கைகள் சேர்ந்தன. வெளிநாட்டில் குடியிருப்பவர்களும் பின்னி அனுப்பினார்கள். ஆயிரம் பேர் என்றே வைத்துக்கொள்வோம், ஆளுக்குப் பதினோரு சதுர மீட்டர் வருகிறது. மீட்டருக்கு மீட்டர் துண்டு ஒன்றுக்கே பழகிய கைக்குப் பல நாள் பிடிக்கும். சமையல் முடித்து, பிள்ளைகளை அனுப்பி, மாமியாருக்கு மாத்திரை கொடுத்து, மிச்சமிருக்கும் நேரத்தில் பின்னிய துண்டுகள் அவை. ஒவ்வொன்றும் தனி ஆளுடைய வேலை. இணைத்தபோது பிரிட்டோரியா போர்வையைப்போல மூன்று மடங்குக்கும் மேல் ஆகிவிட்டது.

ஏன் இத்தனை பேர் வந்தார்கள்? சாதனைக்காக மட்டும் யாரும் மாதக்கணக்கில் பின்ன மாட்டார்கள். பின்னும்போது மனம் அடங்குகிறது. அதைப் பின்னுகிறவர்களே சொல்கிறார்கள். 2013இல் வெளியான ஒரு பிரிட்டிஷ் ஆய்வு, ஊசிப்பின்னல் போடும் 3,545 பேரிடம் கேட்டது. அடிக்கடி பின்னுகிறவர்களிடம் அமைதியும் மகிழ்ச்சியும் கூடுதலாகத் தெரிந்தன. ஆஸ்திரேலியாவின் வொலங்காங் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2020இல் குரோஷா பின்னும் 8,391 பேரின் பதில்களை வெளியிட்டார்கள், 89.5 சதவீதம் பேர் பின்னினால் மனம் அமைதியாகிறது என்றார்கள். விரும்பிப் பின்னுகிறவர்களிடம் கேட்ட கேள்வி என்பதை மறக்கக் கூடாது. இது மருந்துக்கு மாற்று என்று நான் சொல்ல மாட்டேன். ஆனாலும் கைக்கு ஒரே மாதிரி அசைவு, மனசுக்கு எண்ணிக்கை, கண் கொஞ்சம், காதும் வாயும் முழுக்கச் சும்மா. நாலு பேர் சுற்றி உட்கார்ந்தால் பேச்சு தானாக வரும். முகத்தைப் பார்த்துச் சொல்லத் தயங்கும் விஷயத்தைக்கூட ஊசியைப் பார்த்துக்கொண்டே சொல்லிவிடலாம்.

ஒரே மாதிரி அசைவு பனியன் கம்பெனியில் ஏன் அமைதி தருவதில்லை? மணிக்கு இத்தனை பீஸ் என்று சூப்பர்வைசர் எழுதிக்கொண்டே இருந்தால், கையும் மனமும் அந்தக் கணக்குக்கே போய்விடுகின்றன. பக்கத்து மெஷின் பெண்ணிடம் பேசினால் அதுவும் புரொடக்‌ஷன் இழப்பு. நரசாபுரத்தில் கூலிக்குப் பின்னிய பெண்ணும் சென்னையில் போர்வைக்குப் பின்னிய பெண்ணும் போட்டது ஒரே கண்ணிதான். ஒருத்திக்கு நிறுத்தும் உரிமை இருந்தது.

அளந்து முடிந்ததும் சென்னைப் போர்வை அப்படியே வைத்துப் பாதுகாக்கப்படவில்லை. துண்டுகளாகப் பிரித்துத் தேவைப்பட்டவர்களுக்குக் கொடுப்பதுதான் தொடக்கத்திலிருந்தே திட்டம். இணைப்பு நூலை உருவினால் போதும். ஒவ்வொரு துண்டும் கரை கட்டிய முழுப் போர்வை. குழுவும் அதோடு கலையவில்லை. 2017இல் 14.09 கிலோமீட்டர் நீளக் கழுத்துத்துணி, 2018இல் 58,917 குரோஷா பொம்மைகள் என்று தொடர்ந்தது.

எங்கள் பக்கம் இதற்கு நூல் தேடி அலைய வேண்டியதில்லை. மிச்சக் கோன் நூலை இரண்டு மூன்று இழை சேர்த்தால் குரோஷாவுக்குப் போதுமான பருமன் வரும். கிடைக்காதது நேரம். ஞாயிற்றுக்கிழமையும் ஓவர்டைம் போடும் கம்பெனிகள், ஷிப்மெண்ட் இல்லாத வாரத்திலாவது அந்த ஒரு நாளை முழுசாகப் பெண்களுக்கு விட்டுக்கொடுக்கட்டும்.