அணைத்தலும் 'புட் அவுட்'டும்: செலாயாங்கிலிருந்து ஒரு சொல்லாய்வு

1. சிக்கல்

'புட் அவுட்' என்ற ஆங்கிலத் தொடருக்கு மலேசியாவின் செலாயாங் வட்டாரத் தமிழ்ப் பிள்ளைகளுக்கு முதலில் தோன்றும் பொருள் 'அணைத்தல்'. தீக்கும் விளக்குக்கும் அது பொருந்தும். 'ஷீ வாஸ் புட் அவுட்' என்பதை 'அவள் அணைக்கப்பட்டாள்' என்று எழுதினாலோ, மனம் நொந்து நிற்பவளை யாரோ கட்டித் தழுவியதாக ஆகிவிடும். இதைப் பிள்ளையின் கவனக்குறைவு என்று தள்ளிவிட எனக்கு மனமில்லை. தீயடங்குவதை இரு மொழிகளும் வெவ்வேறாகப் பார்க்கின்றன.

2. ஆங்கிலத் தொடர்

'புட்' என்றால் வை; 'அவுட்' என்றால் வெளியே. குப்பைத்தொட்டியை வாசலில் வைப்பதும், கையை நீட்டுவதும், அமைச்சு அறிக்கை வெளியிடுவதும் 'புட் அவுட்'தான். கப்பல் துறையை விட்டுப் புறப்படுவது, தோள்மூட்டு பிசகுவது, அறுவைக்கு முன் மயக்கம் கொடுப்பது, ஒருவரைச் சிரமப்படுத்துவது எல்லாவற்றுக்கும் இதே தொடர். இருந்த நிலையை விட்டு வெளியேறுவது என்ற இழை இவற்றில் ஓடுகிறது. ஆகவே 'எதை?', 'யாரை?' என்று கேட்காமல் பொருள் சொல்ல முடியாது.

3. தமிழ் வினைகள்

3.1 அணை. இந்த வினை எதையும் வெளியே தள்ளுவதில்லை, நெருங்கிச் செல்கிறது. தோணி கரையை அணைகிறது, தாய் குழந்தையை அணைக்கிறாள். தீயை அணைப்பதிலும் இந்த நெருக்கம் உண்டு. வாணலி எண்ணெயில் தீப்பிடித்தால் தண்ணீர் ஊற்றக் கூடாது. நெருப்பு சீறி மேலெழும். அடுப்பை நிறுத்தி, மூடியால் வாணலியின் வாயை மூட வேண்டும். தீப்போர்வை இருந்தால் போர்த்த வேண்டும். காற்று கிடைக்காமல் தீ அடங்கிவிடும். அந்த ஒரே கையசைவில் அணைப்பின் இரு பொருளும் கூடுவதாக எனக்குப் படுகிறது. சொற்பிறப்பு முடிவாக இதைச் சொல்லவில்லை.

3.2 அவி. கிழங்கை அவிக்கும் சொல்லே தீயையும் அவிக்கிறது. குறள் புலனடக்கத்துக்கும் இதையே ஆள்கிறது.

3.3 நூர். யாழ்ப்பாணத்தார் விளக்கை 'நூர்ப்பார்கள்'. ரயில்வே வேலைக்கு வந்து கோலாலம்பூர் பிரிக்பீல்ட்ஸில் குடியேறிய இலங்கைத் தமிழரின் பேச்சு இது.

3.4 குளிர வை, மலையேற்று. சாமி விளக்கை 'அணை' என்று சொல்ல நாக்கு கூசும். உயிரையும் விளக்கையும் ஒன்றாக எண்ணும் மனத்தின் கூச்சம் அது. அகராதியில் தேடுவதைவிடப் பாட்டியிடம் கேட்டால் விளங்கும்.

4. மலாய்ச் சூழல்

மலாயில் தீயணைத்தலும் எழுத்தை அழித்தலும் 'பாடாம்'. பள்ளிப்பையில் கிடக்கும் அழிப்பான் 'பெமாடாம்'. சுவரில் தொங்கும் தீயணைப்பான் 'பெமாடாம் ஆப்பி'. 999-ஐ அழைத்தால் வரும் தீயணைப்புப் படையான 'பொம்பா'வின் பெயரோ போர்த்துகீசியம். நீரேற்றும் பம்பைக் குறிப்பது.

மின்விளக்குக்கு இங்கே இன்னொரு வழக்கும் உண்டு. மலாய்க்காரர் பேச்சில் விளக்கை மூடுவார்கள். நம் வீடுகளில் 'லைட்ட அடைச்சிட்டியா?' என்று கேட்கிறோம். அப்படிக் கேட்ட அம்மா சாமி மேடைப் பக்கம் திரும்பியதும் குரலைத் தாழ்த்தி, 'விளக்கைக் குளிர வைய்யா' என்பார்.