ஜெனீவா கோப்பில் தமிழ்நாடு

ஜெனீவாவிலுள்ள உலக வர்த்தக அமைப்பில் இந்தியா மீது தொடுக்கப்பட்ட வழக்குகளின் ஆவணங்களைப் படித்து வந்தபோது வழக்கு எண் 352 என்னை நிறுத்தியது. 2006 நவம்பர் 20 அன்று ஐரோப்பியச் சமூகம் கொடுத்த மனு அது. இறக்குமதியாகும் ஒயினுக்கும் விஸ்கி போன்ற மதுவகைகளுக்கும் மத்திய அரசு விதித்த கூடுதல் சுங்கவரிகள்தான் முதன்மைப் புகார். கூடவே, அவற்றின் விற்பனைக்குத் தமிழ்நாடு போட்ட கட்டுப்பாடுகளும் இருந்தன. நாடுகள் வழக்காடும் மன்றத்துக்கு நம் மதுக்கடை எப்படிப் போனது?

வழியைக் காட்டியது 1947-இல் வகுக்கப்பட்ட காட் என்ற பன்னாட்டு வர்த்தக ஒப்பந்தம். துறைமுகம் தாண்டி உள்ளே வந்த பொருளை உள்நாட்டுப் பொருளுக்குக் குறைவாக நடத்தக் கூடாது என்பது அதன் 3-ஆம் பிரிவு. மாநிலங்களையும் அப்படி நடக்கச் செய்ய மத்திய அரசு இயன்றதைச் செய்ய வேண்டும் என்கிறது 24-ஆம் பிரிவு. நம் அரசியல் சாசனமோ மதுவை மாநிலப் பட்டியலில் வைத்திருக்கிறது. 2003 இறுதியில் தமிழ்நாட்டின் சில்லறை மது விற்பனை மாநில அரசின் நிறுவனமான டாஸ்மாக் கைக்கு வந்தது. அந்த ஒரு நிறுவனம் கொள்முதல் செய்யாத பாட்டில் எந்த மதுக்கடைக்கும் வராது. ஐரோப்பிய ஏற்றுமதியாளருக்கு இது சுங்கவரியைவிடப் பெரிய தடை என்றே நினைக்கிறேன். வரி கட்டியாவது உள்ளே வரலாம்.

அடுத்து, தீர்ப்பைத் தேடினேன். 2008 அக்டோபர் 30 அன்று மேல்முறையீட்டு அமைப்பு வழங்கிய தீர்ப்பு ஒன்று இருக்கிறது. ஆனால் அது அமெரிக்கா தொடுத்த வழக்கு எண் 360. அதன் புகார் சுங்கத்தோடு முடிந்துவிடுகிறது. 352-க்கு 2007 ஏப்ரலில் விசாரணைக் குழு அமைந்தது. ஜூலை 3 அன்று மதுவின் மீதான கூடுதல் வரியை இந்தியா விலக்கிக்கொண்டது. அதே மாதம் ஐரோப்பியர் கேட்டுக்கொண்டதால் விசாரணை நின்றது. ஓராண்டில் குழுவே காலாவதியானது.

வரி உண்மையில் போய்விட்டதா? கூடுதல் வரியை விலக்கிய அன்றே ஒயினின் அடிப்படைச் சுங்கவரி 100 விழுக்காட்டிலிருந்து 150 ஆனது. கூடுதல் வரிக்கு இந்தியா சொன்ன நியாயம் இன்னும் முக்கியம்: உள்நாட்டு மது மாநிலங்களுக்குக் கட்டும் ஆயத்தீர்வையை இறக்குமதி மது கட்டுவதில்லை, அதை ஈடுசெய்யவே இந்த வரி. அதை நீக்கியதும் மகாராஷ்டிரம் இறக்குமதி மதுவுக்குத் தானே சிறப்புக் கட்டணம் போட்டது. துறைமுகத்தில் எடுத்த சுமை மாநில எல்லைக்கு நகர்ந்தது. 2008 செப்டம்பர் 22 அன்று ஐரோப்பியர் மீண்டும் வந்தார்கள், வழக்கு எண் 380-உடன். இம்முறை மகாராஷ்டிரம், கோவா, தமிழ்நாடு என்று மாநிலங்களையே குறிவைத்தார்கள். அது பேச்சுவார்த்தைக் கட்டத்தைத் தாண்டவில்லை. தமிழ்நாட்டின் விற்பனை முறை சரியா தவறா என்று ஜெனீவா சொல்லவேயில்லை.

இது பழைய கதை அன்று. 2025 ஜூலை 24 அன்று பிரிட்டனோடு கையெழுத்தான ஒப்பந்தப்படி விஸ்கியின் சுங்கவரி 150-லிருந்து 75 விழுக்காடாகவும், பத்தாண்டில் 40 ஆகவும் குறையும். மாநிலங்களின் ஆயத்தீர்வையும் கொள்முதலும் அந்த ஒப்பந்தத்தின் கைக்கு வெளியே இருக்கின்றன. ஆகவே அடுத்து நான் படிக்கப்போவது மாநில அரசின் மதுவிலக்கு, ஆயத்தீர்வைத் துறை ஆணைகளை.